கலங்கலும் தெளிவும்

நுழையும்முன்

ஓடும் நீர் எப்போதும் ஒரே தன்மையில் ஓடுவதில்லை. சில வேளைகளில் அடுக்கடுக்காக அமைதியாக நழுவும்; சில வேளைகளில் தனக்குள்ளேயே சுழன்று கலங்கும். இயற்பியல் இவற்றை வரிச்சீர் ஓட்டம் என்றும் சுழற்சி ஓட்டம் என்றும் பிரிக்கிறது. மடையருகே வாழ்ந்த வேளாண் மக்கள் இவ்வேறுபாட்டைக் கண்ணாலும் காலாலும் அறிந்திருந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்துக் குளக்கரை ஒன்றில் இவ்விரு அறிவும் எதிர்ப்பட்ட ஒரு கோடையைச் சொல்கிறது இப்பாடம்.

குளத்துக்குள் இரண்டு தூண்கள்

ஆலங்குடி என்றதும் திருவாரூர் மாவட்டத்துக் குருத்தலமே பலர் நினைவுக்கு வரும். இங்குக் கூறப்படுவது வேறோர் ஆலங்குடி. புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மன்னராட்சிக் காலத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் ஒன்றாக இருந்தது. மற்றவை குளத்தூரும் திருமயமும். சமஸ்தானம் 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. பின்னர் 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

இவ்வட்டாரத்து நிலம் பெரும்பாலும் செம்மண். தென்னையும் பலாவும் கடலையும் மலர்களும் அதில் செழித்து விளையும். ஆனால் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு எஞ்சிய மாதங்களை ஓட்டியாக வேண்டும். அதனால்தான் இங்கு ஊருக்கு ஊர் குளங்களும் ஏரிகளும் கண்மாய்களும் அமைந்தன.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பழைய ஏரிகளின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்கள் இணையாக நிற்பதைப் பேருந்தில் செல்வோரும் காணலாம். தூண்களைக் குறுக்குக் கற்கள் இணைத்திருக்கும். இடிந்த கோயில் ஒன்றின் எச்சம் என்று அவற்றை எண்ணிக் கடந்து செல்வோர் உண்டு. உண்மையில் அவை ஏரியிலிருந்து நீரை வெளியேற்றும் குமிழித் தூம்பின் தூண்கள். குமிழியும் மடையும் அமைத்துக் கொடுத்தோரைப் பற்றிய பழங்கல்வெட்டுகள் இம்மாவட்டத்தில் கிடைத்துள்ளன. கோயிலுக்கு விளக்கு வைப்பதைப் போலவே குளத்துக்குத் தூம்பு வைப்பதும் கல்லில் பொறிக்கத்தக்க அறமாக அன்று மதிக்கப்பட்டது.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்தது. ஆலங்குடி வட்டாரத்தில் தலைமுறைகளாக நின்ற பலாவும் தென்னையும் ஓரிரவில் சாய்ந்தன. மரங்களை இழந்த மக்களின் பார்வை அதன்பின் நீரின் பக்கம் திரும்பியது. புதிய கன்றுகளை நட்டால் அவற்றுக்கு ஊற்ற நீர் வேண்டும். கிணறுகள் வற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பல நூறு அடிக்குக் கீழிருந்து ஆழ்குழாய்கள் நீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் இளைஞர்கள் தாமே பொருள் திரட்டிக் குளங்களைத் தூர்வாரத் தொடங்கினர்.

அத்தகைய ஒரு குளத்தில், ஒரு காலைப்பொழுதில், பொக்லைன் இயந்திரத்தின் வாளி கற்றூண் ஒன்றின் மீது மோதி நின்றது. தூண்களைப் பெயர்த்துவிட்டால் வேலை விரைவாக முடியும் என்றார் ஓட்டுநர். இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. திரட்டிய பணமோ குறைவு. தூம்பு செயலிழந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. கரையின் மறுகோடியில் இரும்புக் கதவு பொருத்திய புதிய மதகு இருக்கிறது. பிறகு இந்தக் கற்கள் எதற்கு என்ற கேள்வி இளைஞர்களுக்கு எழுந்தது இயல்பே.

எண்பது வயதை நெருங்கிய முதியவர் ஒருவர் அப்போது சேற்றில் இறங்கி வந்து தூணருகே நின்றார். அவருடைய குடும்பத்தார் தலைமுறைகளாக அக்குளத்தின் மடையைத் திறந்து மூடியவர்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை முறைப்படுத்தியவர்கள். அதற்கு ஊதியமாக அறுவடைக் களத்தில் நெல்லில் பங்கு பெற்றவர்கள். அவர் உரத்துப் பேசவில்லை. “இன்னைக்கு ஒருநாள் மட்டும் இதை விட்டுட்டு அந்தப் பக்கம் வெட்டுங்கப்பா” என்றார். இயந்திரம் விலகியது. ஒருநாள் தவணை கிடைத்தது.

பேத்தியின் கேள்வி

அவருடைய பேத்தி பதினொன்றாம் வகுப்புத் தேர்வை அப்போதுதான் எழுதி முடித்திருந்தாள். இயற்பியல் பாடம் அவள் மனத்தில் இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. தாத்தாவை அவ்வூர் வழக்கப்படி ‘அய்யா’ என்று அழைப்பாள். தூம்பு எப்படி இயங்கும் என்று அவர் விளக்க, அவள் சேற்றில் ஒரு குச்சியால் படம் வரைந்துகொண்டாள்.

இரு தூண்களுக்கும் நடுவே, குளத்தின் தரையில், கல்லால் ஆன பெட்டி ஒன்று இருக்கும். அதன் மேல்மூடியில் வட்டமான துளை. இதற்கு நீரோடித் துளை என்று பெயர். தூணின் உச்சியிலிருந்து இறங்கும் தண்டின் முனையில் உள்ள அடைப்பான் அத்துளையை மூடியிருக்கும். பெட்டியின் அடிப்பகுதியில், தரையை ஒட்டி, சிறிய துளைகள் சில இருக்கும். அவை சேறோடித் துளைகள். பெட்டியிலிருந்து கரைக்கு அடியில் ஒரு சுருங்கை சென்று மறுபக்கத்து வாய்க்காலில் திறக்கும். அடைப்பானை உயர்த்தினால் மேல்துளை வழியே தெளிந்த நீர் பாயும். அந்த ஓட்டத்தோடு சேர்ந்து அடித்துளைகள் வழியே சேறு கலந்த நீரும் வெளியேறும். இரண்டும் பெட்டிக்குள் மோதிச் சுழன்று சுருங்கைக்குள் நுழையும்.

இவ்விடத்தில் பேத்தி இடைமறித்தாள். “சுழன்று ஓடினா ஆற்றல் வீணாகும்னு எங்க பாடத்துல இருக்கு, அய்யா. அமைதியா ஓடுற மாதிரி கட்டுறதுதானே நல்ல மடை?”

“தண்ணி சுழலலேன்னா சேறை யாரு ஆத்தா தூக்கிட்டுப் போறது?” என்று கேட்டார் அவர்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. வரிச்சீர் ஓட்டத்தில் நீர் மெல்லிய ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கிறது. ஒரு புள்ளியைக் கடக்கும் துளி எந்த வேகத்தில், எந்தத் திசையில் கடந்ததோ அதே வேகத்தில், அதே திசையில் அடுத்த துளியும் கடக்கும். சுழற்சி ஓட்டத்தில் பெரிய சுழிகள் சிறிய சுழிகளைப் பெற்று, அவை மேலும் சிறிய சுழிகளைப் பெற்று, இறுதியில் ஓட்டத்தின் ஆற்றல் வெப்பமாகக் கரைந்துபோகிறது. குழாயில் நீரை ஏற்றுவோருக்கு அது இழப்பு. எனினும் அவர் கேட்ட கேள்வி அந்தக் கணக்கில் இல்லை.

மான்செஸ்டரில் ஒரு சாயக்கோடு

இந்த வேறுபாட்டை முறையாக ஆராய்ந்தவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஓவன்ஸ் கல்லூரியில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். நீர் நிரம்பிய தொட்டிக்குள் புனல் போன்ற வாயுடைய கண்ணாடிக் குழாய் ஒன்றைப் படுக்கைவாட்டில் வைத்தார். குழாயின் வாயருகே சாயம் கலந்த நீரை நூலிழை போல விட்டார். குழாயில் நீர் மெதுவாகச் சென்றபோது சாயம் நூல் பிடித்தாற்போல் நேர்க்கோடாக நீண்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு நிலையில், குழாயின் ஏதோ ஓரிடத்தில், கோடு திடீரென்று உடைந்து குழாய் முழுதும் சாயம் பரவியது. மின்பொறியின் கணநேர ஒளியில் பார்த்தபோது அந்தக் கலங்கல், சுருள் சுருளான சுழிகளாகத் தெரிந்தது. 1883ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியாயிற்று.

எப்போது கோடு உடையும் என்பதை வேகம் மட்டும் முடிவு செய்வதில்லை. நீரின் வேகத்தையும் குழாயின் குறுக்களவையும் அடர்த்தியையும் பெருக்கிப் பாகியல் எண்ணால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். ரெனால்டு எண் என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. அது ஏறத்தாழ 2000க்குக் கீழே இருக்கும்வரை குழாயில் நீர் வரிச்சீராக ஓடும். அதைக் கடந்தால் கலங்கத் தொடங்கும்.

இந்த எல்லை கல்லில் வெட்டியதன்று. தொட்டி நீரை நெடுநேரம் அசையாமல் வைத்து, மிகுந்த எச்சரிக்கையோடு ஆய்வு செய்த ரெனால்ட்ஸ், ஏறத்தாழ 13,000 வரையிலும்கூட நேர்க்கோட்டைக் காக்க முடிந்தது. பிற்காலத்தில் மான்செஸ்டரில் அதே கருவியைக் கொண்டு ஆய்வைத் திரும்பச் செய்தவர்களால் அந்த அளவை எட்ட இயலவில்லை. காரணம், தெருவில் ஓடும் வண்டிகளின் அதிர்வு! அமைதி என்பது ஓட்டத்துக்குள் மட்டும் இல்லை, சுற்றுப்புறத்திலும் இருக்கிறது.

நம் அன்றாட வாழ்வில் இந்த எண்ணைப் பொருத்திப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தோட்டத்துக் குழாயில் நீர் வரிச்சீராக ஓட வேண்டுமானால் அதன் வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்தில் பத்து லிட்டர் வாளி நிரம்ப நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும். அவ்வளவு பொறுமையாக யாரும் குழாயைத் திறப்பதில்லை. முப்பது சென்டிமீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில், நொடிக்கு முப்பது சென்டிமீட்டர் வேகத்தில், கரையிலிருந்து பார்க்க மிகச் சாந்தமாகச் செல்லும் நீருக்கு அந்த எண் ஏறத்தாழ 90,000. திறந்த வாய்க்காலுக்கான எல்லை குழாயின் எல்லையிலிருந்து வேறுபடும் என்றாலும், இது அதனினும் பல மடங்கு மேலானது. சாந்தமாகத் தோன்றும் வாய்க்கால் நீர் உள்ளுக்குள் ஓயாமல் சுழன்றுகொண்டே செல்கிறது. கரண்டியிலிருந்து வடியும் தேனுக்கோ இந்த எண் ஒன்றைக்கூட எட்டாது. பூசை அறையில் ஊதுபத்திப் புகை முதலில் கோடாக எழுந்து, ஒரு முழம் உயர்ந்ததும் நெளிந்து சிதறுவதை அனைவரும் பார்த்திருப்பர். ரெனால்ட்ஸின் சாயக்கோடு அங்கே நாள்தோறும் உடைகிறது.

சேறு இறங்கும் கணக்கு

முதியவரின் கேள்விக்கு விடை நீரின் வேகத்தில் மட்டும் இல்லை. அது சுமந்து வரும் மண்ணிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் வரத்து வாய்க்கால் வழியே குளத்துக்குள் வருவது செந்நீர். மணலும் வண்டலும் களியும் அதில் கலந்திருக்கும். சுழிகள் மேல்நோக்கி எழும்பும்போதெல்லாம் துகள்களையும் தூக்கிக்கொள்கின்றன. நீர் குளத்துக்குள் நுழைந்து விரிந்ததும் வேகம் தணிகிறது, சுழிகள் ஓய்கின்றன, தூக்குவாரின்றித் துகள்கள் இறங்குகின்றன.

அசையாத நீரில் ஒரு சிறு துகள் இறங்கும் வேகத்தை ஸ்டோக்ஸ் என்பார் 1851இல் கணக்கிட்டுக் காட்டினார். துகளின் அளவு பாதியானால் இறங்கும் வேகம் நான்கில் ஒன்றாகும். 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் நொடிக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இறங்கும். இரண்டே நிமிடங்களில் ஒரு மீட்டர் ஆழத்தை அடைந்துவிடும். 0.002 மில்லிமீட்டர் அளவுள்ள களித்துகளுக்கு அதே ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள்களுக்கு மேல் ஆகும். ஆகவே மணல் வாய்க்காலின் வாயருகிலேயே தங்கிவிடுகிறது. களி மட்டும் குளமெங்கும் பரவி, மெல்ல மெல்ல இறங்கித் தரையில் படிகிறது. நீர் தெளிய நாலைந்து நாள் ஆகும் என்று குளத்து நீரை எடுத்துப் புழங்கிய பெண்கள் சொன்ன கணக்கும் ஏறத்தாழ இதுவே.

படிந்த களி அங்கே சும்மா கிடப்பதில்லை. குளத்தின் தரையில் மணலும் சரளையும் இருந்தால் நீர் அவற்றின் இடுக்குகள் வழியே இறங்கி நிலத்தடியைச் சேரும். பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி, தீஷோன் நகரில் மணல் நிரப்பிய குழலில் நீரை ஊறவிட்டுச் செய்த ஆய்வை 1856இல் வெளியிட்டார். மேலே நிற்கும் நீரின் உயரத்துக்கு ஏற்ப ஊறும் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்று கண்டார். மண்ணுக்குள் நிகழும் இந்த ஓட்டம்தான் வரிச்சீர் ஓட்டத்துக்கு மிகச் சிறந்த சான்று. அரை மில்லிமீட்டர் மணற்பருக்களுக்கிடையே நாளொன்றுக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீர் இறங்குகிறது என்று கொண்டால், ரெனால்டு எண் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஓசையில்லை, சுழியில்லை, ஊறிக்கொண்டே இருக்கும். கிணறு நிரம்புவது இப்படித்தான். ஆனால் அதே இடத்தில் களி படிந்துவிட்டால் ஊறும் வேகம் இலட்சத்தில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். குளம் நிறைந்திருக்கும், அருகிலுள்ள கிணறு வறண்டிருக்கும்.

மடையில் சுழன்று கலங்கி ஓடினால்தான் களி வெளியேறும். களி வெளியேறினால்தான் தரையில் அமைதியாக ஊற முடியும். தூம்பை அமைத்தவர்கள் நீரோடிக்குக் கீழே சேறோடியையும் வைத்ததன் பொருள் இதுவே. வெளியேறிய சேறும் வீணாகவில்லை. வாய்க்காலின் சுழற்சி அதை இறங்கவிடாமல் சுமந்து சென்று வயலில் சேர்த்தது. வயலில் நீர் தேங்கிய பின்னரே அது வண்டலாகப் படிந்தது.

ஒன்றை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். சேறோடித் துளைகள் குளம் முழுவதையும் கழுவிவிடா. தம்மைச் சுற்றியுள்ள பகுதியின் சேற்றை மட்டுமே இழுக்கும். எஞ்சியதைக் கோடையில் ஊரார் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டு சென்றனர். குடிமராமத்து என்று பெயர் பெற்ற அவ்வழக்கம் நின்றுபோனதும், துளைகள் தூர்ந்ததும் சேர்ந்தே குளத்தைக் கெடுத்தன. தமிழ்நாடு அரசு 2017இல் குடிமராமத்தை ஒரு திட்டமாக மீண்டும் தொடங்கியது.

இடுப்புக் கயிறு

அன்று பிற்பகல், தூணின் நிழலில் அமர்ந்து, முதியவர் தம் வலக்காலை நீட்டிக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே வளையம் போல ஒரு பழைய தழும்பு. பேத்தி அதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறாள், காரணம் கேட்டதில்லை.

அவருக்கு இருபது வயது இருக்கும்போது ஒரு கார்த்திகை மாதத்தில் குளம் நிறைந்து கலிங்கில் வழிந்தது. அடைப்பான் பாதி உயர்ந்த நிலையில் சிக்கிக்கொண்டது. மேலிருந்து தண்டை அசைத்தும் பயனில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் மூழ்கினார். கயிற்றின் மறுமுனை தூணின் மேலிருந்த அவர் தந்தையின் கையில். அடைப்பானை அவர் அசைத்த கணத்தில் அது விடுபட்டது. அவருடைய கால் துளையை நோக்கி இழுக்கப்பட்டது. “மேல தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு ஆத்தா. ஒரு அலைகூட இல்லே. கீழே என்னைத் தின்னப் பாத்துச்சு” என்றார்.

மூன்று மீட்டர் ஆழத்தில் உள்ள துளை வழியே நீர் வெளியேறும் வேகம் நொடிக்கு ஏழரை மீட்டரைத் தாண்டும். அத்துளையை நோக்கி நாற்புறமிருந்தும் குவியும் நீர் வழியில் கலங்குவதில்லை. குவியும் ஓட்டம் பெரும்பாலும் சீராகவே விரையும். அதனால் மேற்பரப்பில் எச்சரிக்கை எதுவும் தெரியாது. கலங்கல் அனைத்தும் துளையைக் கடந்த பின்னரே. மதகருகே குளிக்க இறங்குவோர் உயிரிழப்பதற்கு இந்தத் தெளிவே காரணமாகிறது. அவர் தந்தை கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்ததால் அன்று உயிர் தப்பினார்.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. பின்பு வீட்டுக்குச் சென்று, தந்தையின் மல்லிகைத் தோட்டத்தில் அடைத்துக்கொண்டதால் கழற்றி எறிந்திருந்த சொட்டுவான் ஒன்றை எடுத்து வந்து, பிளேடால் இரண்டாகப் பிளந்தாள். சொட்டுநீர்க் குழாயில் துளித்துளியாக நீரை விடும் அந்தச் சிறு பொருளுக்குள், நேரான வழி இல்லை. இரம்பப் பற்களைப் போல இடமும் வலமும் மடிந்து மடிந்து ஒரு குறுகிய பாதை சென்றது. ஒவ்வொரு மடிப்பிலும் நீர் மோதிச் சுழல வேண்டும்.

ஏன் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அவள் தானே கணக்கிட்டுப் பார்த்தாள். நீர் வரிச்சீராக ஓடும் நேரான நுண்குழாயில் அழுத்தம் இரு மடங்கானால் வெளிவரும் நீரும் இரு மடங்காகும். சுழற்சி ஓட்டத்தில் அழுத்தம் இரு மடங்கானாலும் நீர் ஏறத்தாழ 1.4 மடங்கே கூடும். குழாயின் தொடக்கத்தில் நிற்கும் செடிக்கும் கடைசியில் நிற்கும் செடிக்கும் கிடைக்கும் நீரில் வேறுபாடு குறையும். பாதையையும் சற்று அகலமாக வைக்கலாம். சுழலும் நீர் நுண்மண்ணைப் படியவிடாமல் தள்ளிக்கொண்டு போகும். ஆற்றலை வீணாக்குவதையே ஒரு வேலையாக வைத்து அந்தப் பாதையை வடிவமைத்திருக்கிறார்கள். பிளந்த பகுதியை அவள் தாத்தாவிடம் காட்டினாள். அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “இதுலயும் சேறோடி வச்சிருக்கானா?” என்று கேட்டுச் சிரித்தார்.

மறுநாள்

மறுநாள் காலையில் இளைஞர்களிடம் பேசியவள் அவளே. பிளந்த சொட்டுவான் கைக்குக் கை மாறியது. பெட்டிக்குள் இருந்த சேற்றை மண்வெட்டியால் அள்ளினர். முன்னொரு காலத்தில் யாரோ சேறோடித் துளைகளைச் சிமெண்டுக் கலவையால் அடைத்திருந்தது தெரிந்தது. உளியால் அதைக் கொத்தி எடுத்தனர். ஆனால் கரைக்கடியில் செல்லும் சுருங்கை ஓரிடத்தில் அமிழ்ந்து நொறுங்கியிருந்தது. அதைச் செப்பனிடக் கரையை வெட்ட வேண்டும். அது இளைஞர்கள் தாமாகச் செய்யக்கூடிய வேலையன்று. உரிய ஒப்புதலும் பெரும்பொருளும் வேண்டும். தூம்பு மீண்டும் இயங்கவில்லை. தூண்கள் மட்டும் நின்ற இடத்தில் நின்றன.

எனினும் முதியவர் சொன்ன இரண்டை அவர்கள் ஏற்றனர். களியை வெட்டும்போது சரளை கண்ணில் பட்டதும் நிறுத்திவிட வேண்டும். ஆழமாகத் தோண்டினால் குளத்து நீர் வயலுக்கு ஏறாது. அடுத்தது, மழைக்காலத்தின் முதல் செந்நீர் வரும்போது இரும்புக் கதவை முழுதாகத் திறந்துவிட வேண்டும். தெளிந்த பின் மூடிச் சேமிக்கலாம். வரும் நீரை வெளியே விடுவதா என்று சிலர் தயங்கினர். அவர்களது அச்சத்திலும் நியாயம் இருந்தது. அடுத்த மழை எப்போது வரும் என்று யாரால் உறுதி கூற இயலும்? நெடிய பேச்சுக்குப் பின், முதல் வெள்ளத்தில் ஓரிரவு மட்டும் திறப்பது என்று முடிவாயிற்று.

ஐப்பசியில் மழை வந்தது. நள்ளிரவில் கைவிளக்கோடு கரையில் நின்றவர்களுள் பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அந்தப் பெண்ணும் இருந்தாள். கதவுக்கு அப்பால் வாய்க்காலில் நீர் செங்குழம்பாகக் கொந்தளித்துச் சென்றது. முதியவர் குனிந்து ஒரு கை நீரை அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்து, “களிதான்” என்றார். விடியும்போது கதவை இறக்கினர்.

கரையின் கீழே அவர்களுடைய பழைய கிணறு இருக்கிறது. கமலை கட்டி இறைத்த காலத்துக் கிணறு. அவள் பிறந்ததிலிருந்து அதில் நீரைப் பார்த்ததில்லை. கார்த்திகை முதல் வெள்ளியன்று, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் முனையில் கல்லைக் கட்டி அவள் கிணற்றுக்குள் இறக்கினாள். கல் காய்ந்த தரையில் மோதும் ஓசை கேட்டது. குறிப்பேட்டில் நாளைக் குறித்து, எதிரே ‘இல்லை’ என்று எழுதினாள். அடுத்த வெள்ளியும் இல்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. மார்கழி இரண்டாம் வெள்ளியன்று ஓசை மாறியிருந்தது. கயிற்றை இழுத்தபோது கல்லில் ஈரமண் ஒட்டியிருந்தது. தை பிறந்தபின் முதல் வெள்ளியன்று, கீழிருந்து இரண்டு முடிச்சுகள் நனைந்திருந்தன. அவள் கயிற்றைத் தாத்தாவின் கையில் கொடுத்தாள். அவர் நனைந்த முடிச்சுகளை விரலால் தடவி எண்ணினார்; பிறகு மீண்டும் ஒருமுறை எண்ணினார்.